பிரிண்டுக்கு மானிட்டர் அளவுகோல் ஆகாது

மானிட்டரில் தெரிவதே படத்தின் உண்மையான நிறம், பிரிண்ட் அதைப் போலவே வர வேண்டும், வராவிட்டால் தவறு லேபுடையது: திருமண ஆல்பத் தொழிலில் இந்தக் கருத்தைக் கேள்வி கேட்பவர் குறைவு. சென்னை வடபழனியில் இதற்குச் செல்வாக்கு இன்னும் அதிகம். முருகன் கோயிலில் முகூர்த்த நாட்களில் அடுத்தடுத்துத் தாலி கட்டு நடக்கிறது. அந்தப் படங்கள் ஸ்டுடியோவிலும் டிசைனரின் மேசையிலும் திருத்தப்பட்டு, லேபுக்குப் போய், 12×36 அங்குல கரிஷ்மா ஆல்பமாகத் திரும்புகின்றன. ஆல்பத்தைத் திறந்ததும் வரும் முதல் புகார் "டார்க்கா இருக்கு". அடுத்தது "கலர் மாறிடுச்சு". இரண்டுக்கும் லேபே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சில புகார்களில் நியாயம் உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கும் கருத்து தவறானது. அது டிசைனரைத் தவறான இடத்தில் திருத்த வைக்கிறது, லேபை வீண் பழிக்கு ஆளாக்குகிறது, மணமக்களின் முகத்தைக் கெடுக்கிறது.

மானிட்டர் தானே ஒளி விடும் பொருள். பிரிண்ட் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள். மானிட்டரின் வெள்ளை எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை அதன் செட்டிங் தீர்மானிக்கிறது. தாளின் வெள்ளையை அறையின் விளக்கு தீர்மானிக்கிறது. ஆகவே எந்த விளக்கின் கீழ், எந்த பிரைட்னஸில் என்று சொல்லாமல் "மானிட்டரில் உள்ளது போலவே வேண்டும்" என்று கேட்பதற்குப் பொருள் கிடையாது. லேப் ஒரே ஒரு பிரிண்டைத்தான் கொடுக்கிறது. அது கடையின் ஷோகேஸ் விளக்கில் ஒரு விதமாகவும், வீட்டுக் கூடத்தில் ஒரு விதமாகவும், வாசல் வெயிலில் வேறு விதமாகவும் தெரியும். இந்த மூன்றில் எது மானிட்டருக்குச் சமமாக வேண்டும் என்று புகார் செய்பவர் சொல்வதில்லை.

இதை எண்களில் பார்த்தால் ஐயம் மிஞ்சாது. பரப்பின் பிரகாசம் நிட் என்ற அலகிலும், பரப்பின் மேல் விழும் ஒளி லக்ஸ் என்ற அலகிலும் அளக்கப்படுகின்றன. நல்ல போட்டோ தாள் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 88 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. லக்ஸ் அளவை 0.88ஆல் பெருக்கி 3.14ஆல் வகுத்தால் தாளின் வெள்ளை எத்தனை நிட் என்பது கிடைத்துவிடும். 500 லக்ஸ் விழும் மேசையில் தாளின் வெள்ளை 140 நிட். 300 லக்ஸ் விழும் அலுவலக மேசையில் 84 நிட். சுவரில் ஒரே ஒரு எல்.இ.டி. டியூப் லைட் எரியும் கூடத்தில் 100 முதல் 150 லக்ஸ் கிடைத்தாலே அதிகம். அங்கே அதே தாள் 28 முதல் 42 நிட் வரைதான் தரும். கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, எதையும் மாற்றாமல் பயன்படுத்தும் மானிட்டர்களோ சாதாரணமாக 250 முதல் 350 நிட் வரை தரக்கூடியவை. 300 நிட் மானிட்டரில் முடித்த பக்கம் 42 நிட் தாளில் பார்க்கப்படும்போது ஏழு மடங்கு பிரகாசம் குறைந்திருக்கிறது. அந்த ஏழு மடங்கை லேப் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

கண் சூழலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளுமே, பிறகு பிரகாச வேறுபாடு எப்படிக் குறையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஜிட்டல் சினிமா திரையின் வெள்ளைக்கு விதிக்கப்பட்ட அளவு 48 நிட் மட்டுமே. ஆனால் இருட்டான தியேட்டரில் அதை மங்கல் என்று யாரும் சொல்வதில்லை. ஆல்பத்தில் கெடுதல் வேறு வழியில் வருகிறது. மானிட்டர் கண் கூசும் அளவுக்கு எரியும்போது டிசைனர் படத்தின் நடுத்தொனிகளைக் கீழே இறக்குகிறார். நிழல் பகுதியில் பட்டின் மடிப்பும் தலைமுடியின் இழையும் திரையில் தெளிவாகத் தெரிவதால் அவற்றை உயர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. இப்படிப் படத்தின் எண்களே தாழ்ந்துவிட்ட பிறகு ஃபைல் லேபுக்குப் போகிறது. லேப் அந்த எண்களை நேர்மையாக அச்சிட்டால் பிரிண்ட் டார்க்காகத்தான் வரும். தவறு ஃபைலிலேயே பதிந்திருக்கிறது. மானிட்டர் அதைக் காட்டாமல் மறைத்தது.

நிறத்துக்கும் அச்சுக்கும் தரம் வகுத்தவர்கள் இந்தப் பிரகாச வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லா லேப்களும் கேட்கும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியை 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமானது. அந்தத் தரம் மானிட்டரின் வெள்ளைக்குக் குறிக்கும் அளவு 80 நிட். 300 லக்ஸ் மேசையில் கிடக்கும் தாளின் வெள்ளையோடு அது ஏறத்தாழ ஒத்துப்போகிறது. அச்சுகளைப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3664 தரம் நுணுகி ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸையும், சாதாரணமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு 500 லக்ஸையும் விதிக்கிறது. இரண்டுக்கும் 5000 கெல்வின் அளவிலான ஒளி வேண்டும் என்கிறது. பிரிண்டை எந்த ஒளியில் பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு தரம் எழுத வேண்டியிருந்தது என்பதே இக்கருத்துக்கு எதிரான சான்று.

வடபழனியின் சொந்த வரலாறும் அந்தக் கருத்தை மறுக்கிறது. ஏவி.எம். ஸ்டுடியோ 1948இல் இந்தப் பகுதிக்கு வந்தது. விஜயா-வாஹினி இங்கே படத் தளங்களை நிறைத்தது. அடுத்திருக்கும் சாலிகிராமத்தில் பிரசாத் நிறுவனம் 1970களில் ஃபிலிம் லேப் தொடங்கியது. சினிமாவில் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிரிண்டர் லைட் எண்களைக் கிரேடர் குறிப்பார். ஒவ்வொன்றும் 1 முதல் 50 வரை. அந்த எண்களைத் தீர்மானிக்க ஃபிலிம் லேப்கள் பயன்படுத்திய கலர் அனலைசரிலும் ஒரு திரை இருந்தது. நெகட்டிவை அது பாசிட்டிவாக்கி வண்ணத்தில் காட்டும். ஆனால் அந்தத் திரையை யாரும் உண்மை என்று கொள்ளவில்லை. கோடக் நிறுவனத்தின் ஜான் பிட்லாக் 1976இல் வெளியிட்ட லேட் (LAD) முறைப்படி, நியமமான சாம்பல் கட்டம் கொண்ட ஒரு நெகட்டிவை அச்சிட்டு, அதன் அடர்த்தியைக் கருவியால் அளந்து, பிரிண்ட் சரி என்று உறுதியான பிறகு, அந்தப் பிரிண்டுக்குப் பொருந்தும்படி அனலைசரின் திரையைத் திருத்துவார்கள். ஃபர்ஸ்ட் காப்பி தியேட்டரில் ஓடிய பிறகே ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் தீர்ப்புச் சொல்வார்கள். பின்னர் டிஜிட்டல் இன்டர்மீடியட் வந்தபோதும், ஃபிலிமில் அச்சிடப்படும் படத்தைத் திருத்தும் திரையில் அந்த ஃபிலிமின் நிறத்தன்மையைப் போலி செய்து காட்டும் அட்டவணையை ஏற்றித்தான் வேலை நடந்தது. திரை பிரிண்டைப் பின்பற்றியது. பிரிண்ட் திரையைப் பின்பற்றவில்லை. ஆல்பத் தொழில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

லேப் பக்கமே தவறு இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. தாள் மாறலாம், ரசாயனக் கட்டுப்பாடு தளரலாம், ஆப்பரேட்டர் ஆட்டோ கரெக்ஷனை அணைக்காமல் விடலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க மானிட்டரோடு ஒப்பிடுவது வழியல்ல. சாம்பல் படிகளும் தெரிந்த எண்கள் கொண்ட நிறக் கட்டங்களும் உள்ள ஒரு சோதனை ஃபைலை, கரெக்ஷன் எதுவும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, வெவ்வேறு நாட்களில் ஒரே லேபில் ஒரே தாளில் பிரிண்ட் போட வேண்டும். பிரிண்டுகள் ஒன்றுக்கொன்று மாறினால் லேப் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அவை ஒன்றுபோலவே வந்து, சாம்பல் கட்டம் சாம்பலாகவே இருந்து, மானிட்டரோடு மட்டும் பொருந்தவில்லை என்றால் திருத்தப்பட வேண்டியது மானிட்டர் அல்லது அறை விளக்கு. எஸ்.ஆர்.ஜி.பி.யில் 118, 118, 118 என்ற எண் 18 சதவீதச் சாம்பலைக் குறிக்கும். போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் கிரே கார்டின் அளவும் அதுதான். பிரிண்டில் வந்த அந்தக் கட்டத்தின் பக்கத்தில் கிரே கார்டை வைத்தால் மானிட்டர் இல்லாமலேயே லேபைச் சோதித்துவிடலாம். இவ்வளவு எளிய சோதனை இருக்கும்போது, அதைச் செய்யாமல் லேபின் மேல் பழி போடுவது அநியாயம்.

நிறத்துக்கு வந்தால் காஞ்சிப்பட்டே பெரிய சோதனை. தானே ஒளிவிடும் திரையும் சாயம் ஏறிய தாளும் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை ஒன்றல்ல. கிளிப்பச்சையும் பளிச்சென்ற ராணிக் கலரும் திரையில் வருமளவு தீவிரத்தோடு தாளில் வருவது கடினம். ஆழ்ந்த நீலம் தாளுக்கு ஏற்பச் சுருக்கப்படும்போது ஊதாப் பக்கம் சாயும், எம்.எஸ். ப்ளூ புடவை உடுத்தியவரின் படத்தில் இதைப் பார்க்கலாம். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் துணி அசையும்போது நிறம் மாறுகிறது. அசையாத படத்தில், அது திரையானாலும் தாளானாலும், அந்த மாற்றம் வராது. ஜரிகையின் மினுக்கம் உலோகத்தின் பிரதிபலிப்பு. திரையில் அதன் பொறிகள் சுற்றியுள்ள வெள்ளைக்கு நெருக்கமான பிரகாசத்தோடு எரிவதால் தங்கம் போல் தோன்றுகிறது; தாளில் எந்தப் பொறியும் தாளின் வெறும் வெள்ளையைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. தாளின் கருமைக்கும் எல்லை உண்டு. பளபளப்பான தாளில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 200க்கு 1, மேட் தாளில் அது 40க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்துவிடும். சாதாரண மானிட்டரே 1000க்கு 1 தருகிறது. ஆல்பத்துக்கு மேட் லேமினேஷன் கேட்டுவிட்டு, கருப்பு கருப்பாக இல்லை என்று லேபைக் கேட்பது பொருந்தாது. லேமினேஷனின் பரப்பு ஒளியைச் சிதறவிடுவதால்தான் கருப்பு வெளுக்கிறது.

விளக்கு செய்யும் கெடுதல் இதைவிட நுட்பமானது. நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி.கள் பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டேலைட் வகை. அவற்றின் தரத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அது அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அதனால் பெட்டியில் 80 என்று போட்ட மலிவு விளக்கும் ஆழ்ந்த சிவப்பைச் சரியாகக் காட்டாமல் விடலாம். கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு அந்த விளக்கின் கீழ் பழுப்பாக மங்கும். அப்போது பிரிண்ட் மட்டுமல்ல, புடவையையே பக்கத்தில் வைத்தாலும் அது மங்கலாகத்தான் தெரியும். போட்டோ தாளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் பகல் ஒளியின் புற ஊதாவை உள்வாங்கி நீலம் கலந்த வெள்ளையைத் தருகின்றன. வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லாததால் அதே தாள் சற்று மஞ்சளாகத் தோன்றும். மானிட்டரின் வெள்ளை இந்த இரண்டில் எதற்கும் மாறாது.

இவற்றையெல்லாம்விடக் கவலைப்பட வேண்டியது முகத்தைப் பற்றி. வண்ணப் போட்டோகிராபியில் தோல் நிறத்துக்கு நெடுங்காலம் அளவாக வைக்கப்பட்டவை கோடக்கின் ஷெர்லி கார்டுகள். அவற்றில் இருந்தவர்கள் வெள்ளைத்தோல் பெண்கள். நம் ஊரின் மாநிறமும் கருப்பும் தொனி அளவில் நடுவுக்குக் கீழே நிற்பவை. மிகையாக எரியும் மானிட்டரில் அந்தப் பகுதியின் நுட்பம் முழுதும் தெரிவதால் டிசைனர் திருப்தி அடைந்துவிடுகிறார். பிரிண்டிலோ, குறைந்த ஒளியில், கன்னத்துக்கும் தாடைக்கும் இடையிலான வேறுபாடு கரைந்து முகம் தட்டையாகிறது. "டார்க்கா இருக்கு" என்ற புகார் வந்ததும் முகத்தை மட்டும் தனியாக வெளுக்க வைக்கிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், அதில் சாம்பல் பூத்தாற்போன்ற வெளிறல். மணப்பெண்ணின் நிறம் பிழையல்ல, அதைத் திருத்துவதற்கு. முழுப் படத்தின் நடுத்தொனிகளை மானிட்டரின் பிரகாசத்தைக் குறைத்துச் சரியாகப் பார்த்திருந்தால் அந்த முகம் தன் நிறத்திலேயே தெளிவாக வந்திருக்கும். தவறான அளவுகோல் ஒன்று நிறத்தைப் பற்றிய பழைய தப்பெண்ணத்துக்குத் துணை போவது இப்படித்தான்.

விலையுயர்ந்த மானிட்டர் வாங்கினால் பிரச்சினை தீரும் என்பது இதே கருத்தின் இன்னொரு வடிவம். அகன்ற நிறவெளி கொண்ட மானிட்டரில், நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் எஸ்.ஆர்.ஜி.பி. படத்தைத் திறந்தால் சிவப்பும் பச்சையும் மிகைப்பட்டுத் தெரியும். பிரிண்டோடு உள்ள இடைவெளி கூடும். மானிட்டரின் விலையைவிட அது அளந்து சரிசெய்யப்பட்டதா என்பதே கேள்வி. ஸ்பைடர் போன்ற ஓர் அளவுமானியும் சாதாரண ஐ.பி.எஸ். மானிட்டரும் சேர்ந்தால், அளக்கப்படாத உயர்ரக மானிட்டரைவிட நம்பகமானவை. சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றி அனுப்பினால் நிறம் மாறாது என்ற நம்பிக்கையும் தவறு. போட்டோ லேபில் சில்வர் தாளின் மேல் சிவப்பு, பச்சை, நீல லேசர்களே படத்தை வரைகின்றன. அந்த வேலைக்கு சி.எம்.ஒய்.கே. மாற்றம் தேவையில்லை, நிறங்கள் வெட்டுப்படுவதுதான் மிச்சம். அடோபி ஆர்.ஜி.பி.யில் சேமித்த ஃபைலை எஸ்.ஆர்.ஜி.பி. என்று எண்ணி அச்சிடும் லேபுக்கு அனுப்பினாலும் படம் சோகையாகும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கருத்தும் தொழிலில் உலவுகிறது: பிரிண்ட் எப்போதும் மாறித்தான் வரும், அளவிடுவதெல்லாம் வீண் செலவு. இதுவும் ஏற்கத்தக்கதல்ல. தாளில் வராதவை எவை என்பது தெரிந்ததுபோலவே வரக்கூடியவை எவை என்பதும் தெரியும். சாம்பல் சாம்பலாக வரலாம். தோல் நிறம் வரலாம். எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் நிழல் என்ற வரிசை குலையாமல் வரலாம். நிறத்தை எந்திரத்துக்கு எந்திரம் கடத்தும் புரொஃபைல் முறையை வகுத்த ஐ.சி.சி. அமைப்பு 1993இல் தோன்றியது. ஃபோட்டோஷாப்பில் புரூஃப் வசதி இருக்கிறது, லைட்ரூமில் 2012 முதல் இருக்கிறது. லேப் தரும் புரொஃபைலை ஏற்றி, தாளின் வெள்ளையையும் கருமையையும் போலி செய்யும் தெரிவை இயக்கினால், திரையில் படம் சட்டென்று மங்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெரிவை அணைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த மங்கலே தாளைப் பற்றித் திரை கொடுக்கும் நேர்மையான தகவல். ஜரிகையும் கிளிப்பச்சையும் எவ்வளவு இழக்கும் என்பதை அச்சிடுவதற்கு முன்பே அது காட்டிவிடுகிறது. டிசைனர் அந்த எல்லைக்குள் நின்று படத்தைச் செப்பனிடலாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மானிட்டரின் வெள்ளையை 80 முதல் 120 நிட்டுக்குள் இறக்க வேண்டும். அளவுமானி இல்லாதவர் 300 முதல் 500 லக்ஸ் விழும் மேசையில் வெறும் போட்டோ தாளை வைத்து, மானிட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறைக்கலாம். பெரும்பாலான மானிட்டர்களில் அது பாதிக்கும் கீழே போகும். முதல் சில நாட்கள் திரை மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். பிரிண்டைப் பார்க்க 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட விளக்கு ஒன்று ஸ்டுடியோவில் தனியாக இருக்க வேண்டும். ஆல்பம் கடைசியில் குறைந்த ஒளியுள்ள கூடத்தில்தான் புரட்டப்படும் என்பதால், இந்த விளக்கில் சரியாகத் தெரியும் பிரிண்டைவிடச் சற்றே வெளிச்சமாக ஆல்பத்தை அமைப்பது நியாயமான முடிவு. லேப்களுக்கும் கடமை உண்டு: ஒவ்வொரு தாளுக்கும் புரொஃபைலைக் கேட்காமலே கொடுக்க வேண்டும், தாள் மாறினால் சொல்ல வேண்டும், கரெக்ஷன் வேண்டாம் என்று எழுதிய ஆர்டரில் ஆப்பரேட்டர் கை வைக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிசைனை மணமக்கள் செல்போனில் பார்த்து "ஓகே" சொல்வது பக்க அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். நிறத்துக்கு அது சம்மதமாகாது. செல்போன் திரைகள் மானிட்டரைவிடவும் பிரகாசமானவை, பலவற்றில் நிறம் வேண்டுமென்றே கூட்டப்பட்டிருக்கும். வடபழனி ஸ்டுடியோக்கள் ஆல்பத்தை முழுதாக அச்சுக்கு அனுப்பும் முன், முகமும் கூறைப்புடவையும் தெளிவாக உள்ள ஒரே ஒரு பக்கத்தை, அதே லேபில், அதே தாளில், அதே லேமினேஷனோடு பிரிண்ட் போட்டு மணமக்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைத் தங்கள் வீட்டு விளக்கில் பார்த்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே மற்ற பக்கங்கள் அச்சாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஓர் ஆல்பத்தைத் திரும்ப அச்சிடும் செலவில் சிறு பங்குதான்.